நான் வாசிக்காத தந்தி: பேஸ் கிதாரின் வேண்டாத ஒலியைத் தேடிய ஏழு மாதங்கள்

கடந்த ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வடபழனியில் மணிக்கு 800 ரூபாய் வாடகைக்குக் கிடைத்த ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து, எங்கள் ஆலயப் பாடகர் குழு வெளியிடவிருந்த நான்கு பாடல்களுக்கு பேஸ் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் பாடல் முடிந்ததும், ஒலிப்பதிவு செய்த இளைஞர் மற்ற வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு என்னுடைய வாசிப்பை மட்டும் தனியாக ஓடவிட்டார். "சார், நீங்க நோட்டை நிறுத்தின பிறகும் கீழே ஏதோ ஓடிக்கிட்டே இருக்கு, கேட்குதா?" என்றார். கேட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால், அமைதியாக இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஊமை ரீங்காரம் படிந்திருந்தது; அதன் மேல் சில இடங்களில் கரகரப்பும், கை நகரும்போது இரும்பைச் சுரண்டுவது போன்ற உரசலும் கேட்டன. ஆறு ஆண்டுகளாக ஞாயிறுதோறும் நான் எழுப்பிவந்த ஒலி இதுதான் என்று அன்றுதான் தெரிந்தது. மூன்று மணி நேரம் முயன்றும் ஒரு பாடல்கூடத் தேறவில்லை. இரண்டு பாடல்களுக்கு கீபோர்டிலேயே பேஸ் வாசித்து வெளியிடுவது, மற்ற இரண்டைத் தள்ளிவைப்பது என்று குழுவில் முடிவானது. அந்த முடிவு நியாயமானது என்று புரிந்தபோதிலும், அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எனக்கு ஆசிரியர் என்று யாரும் இருந்ததில்லை. இளையராஜா பாடல்களில் பேஸ் போகும் போக்கைக் கேட்டுக் கேட்டு, நானாகவே கற்றுக்கொண்டவன். ஆகவே இந்தச் சிக்கலையும் தனியாகவே அவிழ்க்க முயன்றேன். அதில் 27,600 ரூபாயும் ஏழு மாதங்களும் போயின. என் தவறு ஒன்றே ஒன்றுதான். பல காரணங்களால் எழுந்த பல ஒலிகளை ஒரே ஒலி என்று எண்ணிக்கொண்டு, அதற்கு ஒரே மருந்தைத் தேடினேன். கையிலிருந்து எழுவது எது, மரத்திலும் உலோகத்திலும் எழுவது எது, மின்சாரத்திலிருந்து வருவது எது என்று முதலில் பிரித்துப் பார்த்திருந்தால், பெரும்பாலான செலவுக்கு இடமே வந்திருக்காது.

ஜூலை மாதத்தில் 2,600 ரூபாய்க்குப் புதிய தந்திகள் வாங்கினேன். பழைய தந்திகள் துருவேறியிருந்ததால் அதுவே காரணம் என்று நம்பினேன். புதிய தந்திகளால் நிலைமை இன்னும் மோசமாயிற்று. ரவுண்ட்வவுண்ட் எனப்படும் தந்தியில், உள்ளே செல்லும் மையக் கம்பியைச் சுற்றி உருண்டைக் கம்பியை வரிவரியாகச் சுற்றியிருப்பார்கள். விரல் அதன் நீளவாக்கில் நகரும்போது அந்த வரிகள் ஒவ்வொன்றும் விரலில் உரசும். தந்தி புதிதாக இருக்கும்போது அந்த உரசல் மிகத் தெளிவாகக் கேட்கும். வியர்வையும் அழுக்கும் வரிகளுக்கிடையே படியப் படிய அது மங்கும். என் பழைய தந்திகள் உண்மையில் என் குறைகளை ஓரளவு மறைத்துவந்திருக்கின்றன. தட்டைக் கம்பி சுற்றிய ஃபிளாட்வவுண்ட் தந்திகளில் இந்த உரசல் அறவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. ஆனால் ஒலியின் குணமே மாறிவிடும். உரசல் மட்டுமே உங்கள் பிரச்சினையானால், தந்தி வகையை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். மற்ற எந்த ஒலிக்கும் அது மருந்தாகாது.

ஆகஸ்டில் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்தவர் இரண்டு நிமிடம் வாசித்துப் பார்த்துவிட்டு, ஃபிரெட்டுகள் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகள்) தேய்ந்துவிட்டன, அனைத்தையும் அரத்தால் சமப்படுத்த வேண்டும் என்றார். நான் மறுகேள்வி கேட்கவில்லை. 5,500 ரூபாயும் பன்னிரண்டு நாட்களும் ஆயின. திரும்ப வந்த கிதாரில் கரகரப்பு கொஞ்சம் குறைந்திருந்ததே தவிரப் போகவில்லை. சமப்படுத்துதல் என்பது ஃபிரெட்டின் உலோகத்தை இழைத்து எடுப்பது. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அந்த முடிவுக்கு வரும் முன் செய்ய வேண்டிய அளவீடு ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அதைச் செய்யவில்லை, எனக்கும் அது தெரிந்திருக்கவில்லை. தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிப்பகுதிக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வாகன உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும், மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இதற்குப் போதும். நான் 250 ரூபாய்க்கு வாங்கினேன். பேஸ் கிதாருக்கு ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் இருக்கலாம். என் கிதாரில் இடைவெளியே இல்லை. கழுத்து நேராகி, சற்றே பின்பக்கம் வளையத் தொடங்கியிருந்தது. கழுத்தின் உள்ளே செல்லும் டிரஸ் ராட் கம்பியை அலன் கீயால் கால் சுற்று தளர்த்தி, ஒரு நாள் விட்டு மீண்டும் அளந்து, இன்னும் சிறிது தளர்த்தியபோது, முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் இருந்த கரகரப்பு நின்றுபோனது.

கரகரப்பு எங்கே கேட்கிறது என்பதே பாதி விடை. எதையும் அழுத்தாமல் வெறும் தந்தியை மீட்டும்போது மட்டும் கேட்டால், தலைப்பக்கத்தில் தந்திகள் அமர்ந்து செல்லும் நட் என்ற பட்டையில் பள்ளம் ஆழமாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் கேட்டால் கழுத்தின் வளைவைச் சந்தேகிக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மேல் கேட்டால், மறுமுனையில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் தந்தியின் உயரம் போதவில்லையா என்று பார்க்க வேண்டும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் கேட்டால்தான் ஏதோ ஒரு ஃபிரெட் மேலெழுந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் அந்த ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும், எல்லாவற்றையும் அல்ல. இன்னொன்று: ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இணைக்காதபோது லேசாகக் கேட்கும் கரகரப்பு, இணைத்த பிறகு பெரும்பாலும் கேட்காது. கேட்காத ஒலிக்காகத் தந்தியை உயர்த்திக்கொண்டே போனால், விரல்தான் நோகும்.

செப்டம்பரில்தான் பெரிய செலவு. ரீங்காரம் இன்னும் போகாததால், தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகள் பழுதாகியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, 9,800 ரூபாய்க்குப் புதிய ஜோடியையும் 1,100 ரூபாய்க்கு நல்ல கேபிளையும் வாங்கினேன். மாற்றியும் ரீங்காரம் அப்படியே இருந்தது. என்னுடையது ஜாஸ் பேஸ் வகை. ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் இரண்டு. ஒன்றின் சுருள் மற்றதற்கு எதிர்த்திசையில் இயங்கும்படியும், காந்த முனை மாறியும் இருக்கும். ஆகவே இரண்டு வால்யூம் குமிழ்களையும் ஒரே அளவில் வைத்தால், இரண்டிலும் நுழையும் மின் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துவிடும். நானோ தொனிக்காக முன் பிக்கப்பை மட்டும் திறந்துவைத்து வாசித்துவந்தேன். குமிழ் ஒன்றைத் திருப்பியிருந்தால் போதுமான இடத்தில் பத்தாயிரம் ரூபாயைக் கொட்டினேன் என்பதை இப்போது எழுதும்போதும் மனம் கசக்கிறது. போதாக்குறைக்கு, நான் பயிற்சி செய்யும் அறையில் மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின் அலையை வெட்டி வெட்டி அனுப்பும் வகையைச் சேர்ந்தது. விசிறி மூன்றில் ஓடும்போது ஆம்ப்பில் கேட்ட ரம்பம் போன்ற ஒலி, விசிறியை முழு வேகத்தில் வைத்தாலும், நிறுத்தினாலும் மறைந்தது. எனவே எதையும் வாங்கும் முன், வாசிக்காமல் சும்மா இருக்கும்போது ஒலி வருகிறதா என்று கேளுங்கள். விசிறி, மங்கலாக்கும் விளக்கு, மடிக்கணினியின் சார்ஜர், கைப்பேசி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். கிதாரோடு நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றித் திரும்பி, எந்தத் திசையில் ஒலி குறைகிறது என்று பாருங்கள். தந்தியைத் தொட்டால் ஒலி குறைவது இயல்பு. அதனால் கிதார் பழுது என்று பயப்பட வேண்டியதில்லை. ரீங்காரத்தைப் போக்க பிளக்கின் எர்த் பின்னை நீக்குவது, இரண்டு பின் அடாப்டரில் செருகுவது ஆகியவற்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்ப்பில் மின்கசிவு ஏற்பட்டால், தந்தியில் இருக்கும் உங்கள் கைதான் அடுத்த வழியாகிவிடும்.

அக்டோபர் தொடக்கத்தில் 6,200 ரூபாய்க்கு நாய்ஸ் கேட் பெடல் ஒன்று வாங்கினேன். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே ஒலி இறங்கியதும் கதவை மூடிவிடும் கருவி அது. நீண்ட இடைவெளிகளில் வேலை செய்தது. ஆனால் நான் ஒரு சுரத்தை வாசிக்கும்போது கதவு திறந்திருக்குமே; அதனோடு சேர்ந்து எழும் மற்ற ஒலிகள் எல்லாம் அந்தக் கதவு வழியாகவே போயின. கொஞ்சம் இறுக்கி வைத்தால் என் சுரங்களின் வாலையே வெட்டியது. இத்தனைக்கும் பிறகு, வாத்தியத்தை விற்றுவிடலாமா என்ற எண்ணம் வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மாதக் கடைசியில் ஒரு மழை இரவு, மின்சாரம் போனது. தாம்பரத்தில் எங்கள் தெரு முழுவதும் இருட்டு. விசிறி இல்லை, குளிர்பதனப்பெட்டி இல்லை, ஆம்ப் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மழையும் விட்டிருந்தது. தூக்கம் வராமல் கிதாரை மடியில் எடுத்துவைத்து, அதன் மேற்கொம்பில் காதை ஒட்டவைத்துக்கொண்டு வாசித்தேன். மரம் காதின் எலும்பைத் தொடும்போது ஆம்ப்பே தேவையில்லை, எல்லாம் கேட்கும். தடித்ததிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி எனப்படும் நான்கு தந்திகளில், இ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் ஜி சுரத்தை மீட்டி, நான்கு எண்ணி, விரலால் அந்தத் தந்தியை நிறுத்தினேன். ஒலி நிற்கவில்லை. எங்கோ தொலைவில் யாரோ அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் முணுமுணுப்பது போல ஓர் இழை நீண்டுகொண்டிருந்தது. சுண்டுவிரலை நீட்டி, நான் தொடவே தொடாத ஜி தந்தியின் மேல் வைத்தேன். முணுமுணுப்பு பெரும்பகுதி அடங்கியது. இன்னும் ஒரு மெல்லிய இழை மிச்சம் இருந்தது. டி தந்தியைத் தொட்டதும் அதுவும் போயிற்று. பிறகு மரத்துக்குள் ஒன்றுமில்லை. அப்படி ஒரு மௌனத்தை அந்த வாத்தியத்திலிருந்து நான் அதற்கு முன் கேட்டதே இல்லை.

இது பள்ளி இயற்பியலில் படிக்கும் ஒத்ததிர்வுதான். மூன்றாவது ஃபிரெட்டின் ஜி வினாடிக்கு 49 அதிர்வுகள். வெறும் ஜி தந்தி அதன் இருமடங்கான 98. ஒன்று அதிரும்போது மற்றது தானாகவே எழுந்துகொள்ளும். டி தந்தி 73.4, அதன் இரண்டாம் மடங்கும் ஜி சுரத்தின் மூன்றாம் மடங்கும் ஏறத்தாழ 147இல் சந்திக்கின்றன, ஆகவே அதுவும் பாடும். சிதாரில் தரப் தந்திகளைக் கீழே கட்டி இதை வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். தம்பூராவின் குதிரையில் நூல் வைத்து ஜீவா சேர்த்து, கரகரப்பையே நாதமாக்குகிறார்கள். ஆகவே இவை எதுவும் தம்மளவில் பிழையான ஒலிகள் அல்ல. ஒரு பாட்டின் அடித்தளமாக நின்று, சொன்ன இடத்தில் தொடங்கிச் சொன்ன இடத்தில் நிற்க வேண்டிய வாத்தியத்தில் அவை இடம் தப்பி நிற்கின்றன. எனக்கு ஏன் இத்தனை மாதம் பிடிபடவில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் ரீங்காரம் 50இலும் 100இலும் கேட்கும். கீழ் ஜி 49, வெறும் ஜி தந்தி 98. தந்தி பாடியதும் மின்சாரம் பாடியதும் கிட்டத்தட்ட ஒரே சுருதி. ஒன்றைக் குறைத்தபோது மற்றது அதே இடத்தில் நின்றதால், ஒன்றுமே குறையவில்லை என்று எண்ணினேன். மின்சாரம் 60 ஹெர்ட்ஸாக இருக்கும் அமெரிக்காவில் அந்த ரீங்காரம் பி சுரத்தின் பக்கம் விழும். அங்கே எடுத்த காணொளிகளில் சொல்லும் அடையாளங்களை வைத்து நான் தேடியதும் பிசகாகப் போயிற்று.

மறுநாள் காலை, பாத்திரம் துலக்கும் புது ஸ்பாஞ்சு ஒன்றிலிருந்து ஒரு துண்டை வெட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் தந்திகளின் அடியில் செருகி வாசித்துப் பார்த்தேன். ஒத்ததிர்வு முழுவதும் போயிற்று. இது புதிய உத்தியும் அன்று. 1951இல் வந்த, அமெரிக்க வாத்தியத் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸிலேயே பிரிட்ஜை மூடும் உலோக உறைக்குள் தந்திகளை அமுக்கும் மெத்தைத் துண்டு இருந்தது. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் இசை நிறுவனத்தின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அந்தத் துண்டையும் ஃபிளாட்வவுண்ட் தந்திகளையும் வைத்தே வாசித்தார். ஸ்பாஞ்சு வைத்ததும் எந்த ஒலி மறைகிறதோ அது கையின் பொறுப்பு, மறையாதது வேறு. இந்தச் சோதனையைத்தான் நான் ஜூன் மாதமே, பத்து ரூபாய் ஸ்பாஞ்சில் செய்திருக்க வேண்டும்.

ஆனால் நீண்டு ஒலிக்க வேண்டிய பாடல்களுக்கு ஸ்பாஞ்சு ஒத்துவராது. கைதான் பழக வேண்டும். நவம்பர், டிசம்பர் இரண்டு மாதமும் தினம் இருபது நிமிடம் இதற்கென்றே ஒதுக்கினேன். வாசிக்கும் தந்திக்கு மேலே இருக்கும் தடித்த தந்திகள் மீட்டும் கையின் பொறுப்பு, கீழே இருக்கும் மெல்லிய தந்திகள் அழுத்தும் கையின் பொறுப்பு என்று பங்கு பிரித்துக்கொண்டேன். முன்பு கட்டைவிரலைப் பிக்கப்பின் மேலேயே ஊன்றி வைத்திருப்பேன். அதனால் டி, ஜி தந்திகளை வாசிக்கும்போது இ, ஏ இரண்டும் காவலின்றிக் கிடந்தன. இப்போது நான் இறங்க இறங்க, கட்டைவிரலும் இ தந்தியின் மேல் சாய்ந்து கூடவே இறங்குகிறது. மீட்டிய விரல் அந்தரத்தில் நிற்காமல் அடுத்த தடித்த தந்தியில் போய் அமர்கிறது. அழுத்தும் கையில் ஆள்காட்டி விரலை நுனியில் நிறுத்தாமல் சற்றே படுக்கவைத்து, அதன் அடிப்பக்கம் மெல்லிய தந்திகளைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி செய்கிறேன். இங்கே ஒரு குழி இருக்கிறது. ஒரே விரலால் லேசாகத் தொட்டு நிறுத்தும்போது, அந்த விரல் ஐந்தாவது, ஏழாவது, பன்னிரண்டாவது ஃபிரெட்டுகளுக்கு நேர்மேலே விழுந்தால், தந்தி அடங்குவதற்குப் பதிலாக மணி போன்ற ஹார்மோனிக் ஒலியை எழுப்பும். எப்போதும் இரண்டு விரல்கள் இரண்டு இடங்களில் படும்படி பார்த்துக்கொண்டால் அது வராது. சுரத்தை முடிக்கும்போதும் விரலைத் தந்தியிலிருந்து வெடுக்கென்று எடுத்தால், அந்த இழுப்பிலேயே வெறும் தந்தி ஒலித்துவிடும். அழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டு, விரல் தந்தியிலேயே தங்க வேண்டும்.

பயிற்சியாக நான் செய்தது மிக எளியது. மெட்ரோனோமை 60இல் வைத்து, ஒரு தட்டுக்குச் சுரம், ஒரு தட்டுக்கு மௌனம் என்று வாசித்துப் பதிவு செய்து, மௌனத்தை மட்டும் ஒலியைக் கூட்டிக் கேட்டேன். முதல் வாரம் கேட்கவே பொறுக்கவில்லை. சுரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று மட்டும் ஆறு ஆண்டுகளாகக் கேட்டுவந்த காது, இடைவெளியைக் கேட்கப் பழகுவதற்கு மூன்று வாரங்கள் ஆயின. ஐந்தாம் வாரத்தில் கை தானாகவே செய்யத் தொடங்கியது.

கை அடங்கிய பிறகு, மிச்சமிருந்த சில்லறை ஒலிகள் தாமாக வெளியே தெரிந்தன. ஏ தந்தியின் மூன்றாவது ஃபிரெட்டில் சி வாசிக்கும்போது மட்டும் ஒரு சிலிர்ப்பு. மீட்டிக்கொண்டே ஒவ்வொரு பாகமாக விரலால் அழுத்திப் பார்த்ததில், பிரிட்ஜில் டி தந்தியைத் தாங்கும் சேடிலின் இரண்டு உயரத் திருகுகளில் ஒன்று அடித்தட்டைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. தொடும்படி திருகி, நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்ததும் நின்றது. இ தந்தியில் எஃப் வாசித்தபோது கேட்ட கிணுகிணுப்பு கிதாரிலேயே இல்லை. அறையிலிருந்த இரும்பு பீரோவின் பூட்டில் தொங்கிய சாவிக்கொத்திலிருந்து வந்தது. ஹெட்போனில் கேட்டும் ஒலிக்கிறதா என்று பார்ப்பதன் பயன் இதுதான்.

ஜனவரியில் அதே கூடத்துக்குச் சென்று, தள்ளிவைத்த இரண்டு பாடல்களையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தோம். அதே இளைஞர் என் வாசிப்பைத் தனியாக ஓடவிட்டார். நீண்ட நகர்வு ஒன்றில் உரசல் லேசாகக் கேட்டது, எடுத்துவிடவா என்றார். மற்ற வாத்தியங்களோடு சேர்த்துக் கேட்டோம், அது பாட்டுக்குள் மறைந்துவிட்டது. இருக்கட்டும் என்றேன். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸரைப் பின்னால் போடும்போது சின்ன ஒலிகள் எல்லாம் மேலே வரும் என்பதால், அதையும் போட்டுக் கேட்ட பிறகே சம்மதித்தேன். நாய்ஸ் கேட் பெடலை 3,500 ரூபாய்க்கு விற்றுவிட்டேன். ஃபீலர் கேஜ் கிதார் பையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஆலயத்திலிருந்து வந்ததும் கழுத்தை அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். மழைக்காலத்துக்கும் வெயில் காலத்துக்கும் இடையே என் கிதாரின் கழுத்து எவ்வளவு நகர்கிறது என்பது அடுத்த அக்டோபருக்குள் தெரிந்துவிடும்.